தீ ஆய்வு நிஜமாகவே தீயைக் குறைக்கிறதா?

கேள்வி கேட்டவர் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். அவர் ஊர் நகராட்சியில் தீத்தடுப்புப் பிரிவைக் கலைத்துவிட்டு அந்தப் பணத்தில் புதிதாக ஒரு தீயணைப்பு வண்டி வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. கட்டடங்களை ஆய்வு செய்ய வருகிறவர்கள் சான்றிதழைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், பள்ளிக்கூடங்களில் படம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்கிறார்கள். ‘இதனால் ஒரு தீயாவது நின்றிருக்கிறது என்று காட்டுங்கள்’ என்று ஓர் உறுப்பினர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லையாம். அவருக்கு என்ன சொல்வது?

வண்டியா ஆய்வா என்று கேட்டிருந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நடக்காமல் போன தீயை எப்படி எண்ணுவது என்பது ஒன்று. பேருக்கு நடக்கிற ஆய்வுக்கும் ஏதாவது பலன் உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு என் பதில், பெரும்பாலும் கிடையாது என்பதுதான். ‘வருமுன் காப்பது நல்லது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உறுப்பினர் கேட்டது கணக்கு. நான் முதலில் தீயணைப்பு வண்டியில் ஓடியவன், அப்புறம் பல வருடங்கள் கட்டட ஆய்வில் இருந்தவன். ஆய்வு வேலைமீது எனக்குப் பாசம் உண்டு. அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வண்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு அறையில் தீப் பிடித்தால், சூடான புகை கூரைக்கடியில் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் அறையில் இருக்கிற எல்லாப் பொருளும் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும். ஃப்ளாஷ் ஓவர் என்பார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. முழுக் கவசம் போட்ட வீரர்கூடச் சில விநாடிகளுக்கு மேல் தாங்கமாட்டார். அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை அருகருகே அமைத்துக் கொளுத்திப் பார்த்தது. பழைய காலத்து மரமும் பருத்தியும் நிறைந்த அறை அந்த நிலைக்கு வர அரை மணி நேரத்தை நெருங்கியது. ஃபோம் சோபாவும் செயற்கை இழைத் திரைச்சீலையும் போட்ட இன்றைய அறை நான்கு நிமிடத்துக்குள் அந்த நிலைக்கு வந்துவிட்டது.

இப்போது உங்கள் ஊர்க் கணக்கைப் போடுங்கள். தீயை ஒருவர் கவனிக்க வேண்டும், போன் செய்ய வேண்டும், நிலையத்தில் மணி அடிக்க வேண்டும், ஆட்கள் ஏறி வண்டி கிளம்ப வேண்டும், சாலையில் வழி கிடைக்க வேண்டும், இறங்கிக் குழாய் இழுக்க வேண்டும். எவ்வளவு நல்ல துறையாக இருந்தாலும் நான்கு நிமிடத்துக்குள் இத்தனையும் முடிவது அபூர்வம். இன்னொரு வண்டி வாங்கினால் பக்கத்து அறைக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் தீ போகாமல் தடுக்கலாம், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தீ தொடங்கிய அறையில் இருந்தவரின் கதை பெரும்பாலும் வண்டி வருவதற்குள் முடிந்திருக்கும். அவரைக் காப்பாற்றுவது அதற்கு முன்பே அங்கே இருந்த பொருட்கள்: வேலை செய்கிற அலாரம், திறக்கிற கதவு, சூடு பட்டால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர்.

1911-ல் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமாகவே வந்துவிட்டன. தொழிற்சாலை இருந்தது 8, 9, 10-வது மாடிகளில். ஏணி எட்டியது ஆறாவது மாடி அளவுக்கு. ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குப் பெரிய சேதம் இல்லை, இன்றும் நிற்கிறது. அந்த வருடமே நியூயார்க் நகரத்தில் தீத்தடுப்புக்கென்று தனிப் பிரிவு அமைக்கச் சட்டம் வந்தது. நீளமான ஏணி மட்டும் போதும் என்று அன்று யாரும் முடிவு கட்டவில்லை.

சரி, ஆய்வு தீயைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம்? எனக்குத் தெரிந்தவற்றில் அதிகம் பேசப்படுவது 1978-ல் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமும் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. பல நகரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் அல்லது அநேகமாக எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுகிற நகரங்களில், அப்படிச் செய்யாத நகரங்களைவிடத் தீ விபத்து விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஆய்வாளர்களை மட்டும் அனுப்பாமல், தீயணைப்பு வண்டிக் குழுவினரையே ஆய்வுக்கு அனுப்பிய நகரங்களிலும் விகிதம் குறைவு.

அதே ஆராய்ச்சியில் வந்த இன்னொரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆய்வாளர் கண்ணால் பார்த்து நேரடியாகச் சரிசெய்யக்கூடிய குறைகளால் உண்டான தீ மொத்தத்தில் 4 முதல் 8 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி மனிதர்களின் கவனக்குறைவாலும் மின்சார, இயந்திரக் கோளாறுகளாலும் வந்தவை. ஆய்வாளர் வந்துபோன அன்று அவை அவர் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. அப்படியானால் ஆய்வு எப்படி அதைவிட அதிகமாகக் குறைக்கிறது? ஆராய்ச்சி நடத்தியவர்கள் கொடுத்த விளக்கமும் என் அனுபவமும் ஒத்துப்போகின்றன: ஆய்வு என்பது குறை கண்டுபிடிக்கிற வேலையைவிட, உரிமையாளரைத் தன் கட்டடத்தைப் பார்க்கவைக்கிற வேலை.

கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஆய்வாளர் முதலில் போக வேண்டிய இடம் அலுவலக மேசை இல்லை, பின்பக்க அவசர வழி. உரிமையாளரையோ மேலாளரையோ கூடவே கூட்டிக்கொண்டு போக வேண்டும். ‘இந்தக் கதவை நீங்களே திறங்கள்’ என்று சொல்ல வேண்டும். அவர் கைப்பிடியைத் தள்ளுவார், அசையாது. தோளால் முட்டுவார். வெளிப்பக்கம் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் திருட்டுப் பயத்தில் சங்கிலி போட்டிருப்பார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். இன்னும் இரண்டு கதவு தள்ளிப் போனால், புகை பரவாமல் தானே மூடிக்கொள்ள வேண்டிய கதவைத் திறந்து வைப்பதற்கு, தீயணைப்பான் சிலிண்டரையே அண்டக்கொடுத்திருப்பார்கள். (உலகத்தில் எந்த ஊர் ஆய்வாளரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்.) அதன் அழுத்தமானியில் முள் பச்சையில் இருக்கும், சோதனைத் தேதியும் சரியாக இருக்கும். காகிதத்தில் அந்தக் கட்டடத்துக்கு முழு மதிப்பெண்.

அந்த மேலாளர் தன் தோளால் முட்டிய கதவை மறக்க மாட்டார். அடுத்த வாரம் யாராவது அங்கே பெட்டி அடுக்கினால் அவரே சத்தம் போடுவார். சான்றிதழை மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் இது நடக்காது. ஸ்பிரிங்க்ளருக்கும் இதே கதைதான். பிடித்த தீ ஸ்பிரிங்க்ளரைத் திறக்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தால், பத்தில் ஒன்பது தடவை அது வேலை செய்கிறது. வேலை செய்யாமல் போகிற தடவைகளில் முதல் காரணம் கருவிக் கோளாறு இல்லை, யாரோ தண்ணீர் வால்வை மூடிவைத்திருப்பதுதான். வால்வு இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்காத ஆய்வில் அது தெரியாமலே போய்விடும்.

உங்கள் ஊரில் நடப்பதாக நீங்கள் சொல்கிற ஆய்வு எந்த வகை என்று பாருங்கள். மோசமான ஆய்வு வெறும் வீண் மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் தி ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடையில் விட்ட வாணவேடிக்கையிலிருந்து பறந்த பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். அந்த விடுதியை அதற்கு முன் ஆய்வு செய்திருந்தார்கள். சின்னச் சின்னக் குறைகளை எழுதிய அறிக்கைகளில் அந்த ஃபோம் பற்றி ஒரு வரி இல்லை. 2012-ல் கராச்சியில் எரிந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குச் சில வாரங்கள் முன்புதான் சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ என்று பின்னால் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 250-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம், கம்பி போட்ட ஜன்னல்களும் பூட்டிய வழிகளும். சான்றிதழ் கொடுத்தபோதும் அவை அங்கேதான் இருந்தன.

பட்டியலிலேயே இல்லாத கட்டடங்கள் இன்னொரு வகை. 2016-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கிடங்கு ஒன்றில் இசை நிகழ்ச்சியின்போது தீப் பிடித்து 36 பேர் இறந்தார்கள். கோஸ்ட் ஷிப் என்று அழைக்கப்பட்ட அந்த இடத்தில் ஆட்கள் குடியும் இருந்தார்கள். தீயணைப்புத் துறை அதை ஆய்வு செய்ததாகப் பதிவே இல்லை. எந்தத் துறையிலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போவது ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிற கட்டடங்களுக்குத்தான். அங்கே போவது சுலபம், வேலை சீக்கிரம் முடியும், எண்ணிக்கையும் கூடும். உரிமம் இல்லாமல் பயன்பாடு மாறிய கட்டடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

குறை கண்டால் அடுத்து என்ன ஆகும் என்பதுதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நோட்டீஸ் கொடுத்து, தேதி குறித்து, அந்தத் தேதியில் மறுபடி போய், சரிசெய்யாவிட்டால் அபராதம், அதற்கும் அசையாவிட்டால் சீல் என்று ஒரு படிவரிசை இருக்க வேண்டும். பங்களாதேஷில் 2013-ல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்த பிறகு வந்த ஒப்பந்தத்தில் இதைப் பார்க்கலாம். துணி வாங்குகிற பன்னாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. 1,600-க்கும் அதிகமான தொழிற்சாலைகளைப் பொறியாளர்கள் பார்த்தார்கள், அறிக்கைகளைப் பொதுவில் வெளியிட்டார்கள், குறையைச் சரிசெய்ய மறுத்த தொழிற்சாலையிடமிருந்து வாங்குவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். கராச்சியிலும் ஆய்வு நடந்தது, இங்கேயும் நடந்தது. ஒன்றில் காகிதத்தோடு முடிந்தது. இன்னொன்றில் பூட்டுப் போடக்கூடிய கதவைக் கழற்றாவிட்டால் ஆர்டர் போய்விடும்.

கடுமை மட்டும் போதுமா என்றால், இல்லை. சின்னக் கடைக்காரரிடம் முதல் நாளே அபராதம் போட்டால் அடுத்த முறை பின்கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்துகொள்வார். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள குறைக்கு அன்றே நடவடிக்கை, மற்றதற்கு நியாயமான அவகாசம் என்று பிரிப்பதுதான் நடைமுறையில் ஓடும். கையூட்டு பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே ஆய்வாளர் வருடக்கணக்கில் ஒரே தெருவைப் பார்ப்பதும், அறிக்கை யார் கண்ணிலும் படாமல் இருப்பதும் அதற்கு வசதி செய்து தருகின்றன. ஆட்களை மாற்றி அனுப்புங்கள், அறிக்கையை வெளியிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு சரி.

இதுவரை பேசியது பொதுக் கட்டடங்கள். ஆனால் தீயில் அதிகம் பேர் இறப்பது வீடுகளில். அமெரிக்கக் கணக்குப்படி நான்கில் மூன்று பேர் அளவுக்கு. வீட்டுக்குள் ஆய்வாளர் நோட்டீஸோடு நுழைய முடியாது. அங்கேதான் சமூகத் திட்டங்கள் வருகின்றன, அங்கேதான் ஆதாரம் சுவாரசியமாக முரண்படுகிறது. வேலை செய்கிற புகை அலாரம் உள்ள வீட்டுத் தீயில் சாவு விகிதம் பாதிக்கும் மேல் குறைவு என்பது திரும்பத் திரும்ப வந்த முடிவு. அப்படியானால் அலாரத்தை இலவசமாகக் கொடுத்தால் போதுமே? 1990-ல் ஓக்லஹோமா சிட்டியில் கொடுத்துப் பார்த்தார்கள். தீக்காயம் அதிகமுள்ள பகுதியைப் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்து, பத்தாயிரத்துச் சொச்சம் அலாரங்கள். நான்கு வருடத்தில் அந்தப் பகுதியில் வீட்டுத் தீக்காய விகிதம் 80 சதவீதம் குறைந்தது. நகரத்தின் மற்ற இடங்களில் கொஞ்சம் கூடியிருந்தது.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் மிக மோசமான பகுதியைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் அடுத்த வருடங்களில் தானாகவே கொஞ்சம் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். லண்டனில் இன்னும் கறாராகச் செய்தார்கள். வறுமை மிகுந்த வட்டாரங்களைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 20,050 அலாரங்கள் கொடுத்தார்கள். 2002-ல் முடிவு வந்தது: காயங்கள் குறையவில்லை. போய்ப் பார்த்தால், கொடுத்ததில் கொஞ்சம்தான் மாட்டப்பட்டு வேலை செய்துகொண்டிருந்தது. அதே காலத்தில் லண்டனில் நடந்த இன்னொரு சோதனையில் அலாரத்தை மாட்டியே கொடுத்தார்கள். 15 மாதம் கழித்துப் பார்த்தபோது அவற்றிலும் ஏறக்குறையப் பாதிதான் உயிரோடு இருந்தன.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. சமையல் புகைக்கெல்லாம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் மாட்டினால் அப்படித்தான் ஆகும். படுக்கையறைக்கு வெளியே, அடுப்பிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். பத்து வருடம் தாங்குகிற, கழற்ற முடியாத பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இதைவிட முக்கியம், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து யாராவது வந்து பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். நான் அலாரத் திட்டங்களை எடைபோடுவது இந்த ஒரு கேள்வியால்தான்: எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்பதில்லை, ஒரு வருடம் கழித்து எத்தனை கத்தின என்று கேட்பேன்.

இனி, சந்தேகமானவை. அமெரிக்காவில் 1970-களின் கடைசியில் வருடத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல் இருந்த தீச்சாவு இப்போது நாலாயிரத்துக்குள் வந்திருக்கிறது. இதைக் காட்டி ‘தடுப்புத் திட்டங்களின் வெற்றி’ என்பவர்களிடம் கவனமாக இருங்கள். அதே காலத்தில் புகைபிடிப்பவர்கள் குறைந்தார்கள். 2004-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கி, இழுக்காமல் விட்டால் அணைந்துபோகிற சிகரெட்டுகள் கட்டாயமாயின. 1994 முதல் அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளால் எளிதில் பற்றவைக்க முடியாத லைட்டர்கள்தான் விற்க வேண்டும் என்று விதி வந்தது. இவை எல்லாம் கலந்த எண் அது. எதற்கு எவ்வளவு பங்கு என்று யாரும் சுத்தமாகப் பிரித்துத் தந்ததில்லை. 1978 ஆராய்ச்சியும் ஒப்பீடுதான். ஒழுங்காக ஆய்வு செய்கிற நகரம் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம். பள்ளிக்கூட வகுப்புகளால் குழந்தைகளின் அறிவு கூடுகிறது என்பது உறுதி. அதனால் காயம் குறைகிறது என்பதற்கான சான்று பலவீனம். ஆகவே படம் காட்டுவதை முதலில் வெட்டலாம் என்றால் நான் பெரிதாகச் சண்டை போடமாட்டேன், ஆனால் தப்பிக்கிற வழியில் நடந்து பழகுகிற பயிற்சியைத் தொடாதீர்கள்.

‘ஒன்று செலவழித்தால் பத்து மிச்சம்’ என்கிற மாதிரிக் கணக்குகளை நான் கூட்டங்களில் சொல்வதில்லை. ஓர் உயிருக்கு என்ன விலை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் எங்கே வேண்டுமானாலும் போகும். அதோடு கதவு மாற்றுகிற செலவு உரிமையாளருடையது, மிச்சம் வேறு யாருக்கோ. காட்டுத்தீ வேறு உலகம், அதில் எனக்குப் பயிற்சி இல்லை, இங்கே சொன்னதை அதற்குப் பொருத்த வேண்டாம்.

உறுப்பினரிடம் நான் சொல்வது இதுதான்: பழைய வண்டி ஓடாத நிலையில் இருந்தால் புதியது வாங்குங்கள், ஆனால் அந்தக் குழுவையே அழைப்பு இல்லாத நேரத்தில் ஆய்வுக்கு அனுப்புங்கள். கட்டடத்தின் படிக்கட்டு எங்கே, வால்வு எங்கே என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தீப் பிடித்தால் அது உதவும். தடுப்புப் பிரிவிடம் வருடத்துக்கு எத்தனை ஆய்வு என்ற எண்ணைக் கேட்காதீர்கள். பட்டியலில் உள்ள கட்டடங்களில் எத்தனை சதவீதம் பார்க்கப்பட்டன, எழுதிய குறைகளில் எத்தனை மறுஆய்வில் சரியாகியிருந்தன, பட்டியலில் இல்லாத கட்டடங்கள் இந்த வருடம் எத்தனை கண்டுபிடிக்கப்பட்டன என்று கேளுங்கள்.

‘ஒரு தீயாவது’ என்ற கேள்விக்கு உங்கள் ஊரிலேயே பதில் இருக்கக்கூடும். கடந்த ஐந்து வருடத் தீ அழைப்புப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு கட்டடத் தீக்கும் நேராக மூன்று விஷயம் குறியுங்கள்: கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, அலாரம் அடித்ததா, தீ தொடங்கிய அறையைத் தாண்டியதா. ஆய்வு நடந்த கட்டடங்களில் தீ அறைக்குள்ளேயே நின்றிருந்தால் அதைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் உறுப்பினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆய்வின் தரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பதிவேட்டில் காரணம் என்ற பத்தியில் ‘தெரியவில்லை’ என்றே நிறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பல இடங்களில் தீயின் காரணத்தை விசாரிப்பதும் இதே தடுப்புப் பிரிவுதான். அதைக் கலைத்தால் அந்தப் பத்தியை இனி யார் நிரப்புவார்கள் என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.